வகுப்பறையில் மின்னிலக்கக் கருவிகள்: சிங்கப்பூர்த் தமிழ் மாணவரின் ஈடுபாடும் மொழியாளுமையும்

ஆய்வுச் சுருக்கம்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரின் கையிலும் இன்று கற்றல் கருவி ஒன்று உள்ளது. தமிழ் வகுப்பில் அக்கருவி மாணவரின் கவனத்தை ஈர்ப்பதற்கு மட்டும் பயன்படுகிறதா, தமிழில் பேசவும் எழுதவும் ஆராயவும் அவருக்கு ஆற்றல் தருகிறதா என்பதே இக்கட்டுரையின் வினா. விசைப்பலகை, ஒலிப்பதிவு, குரல்வழி உள்ளீடு, நிரலாக்கம், மின்னிலக்கச் சேகரிப்புகள், ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு ஆகிய ஆறும் தமிழ்மொழியின் எழுத்து, சொல், வழக்கு ஆகிய இயல்புகளோடு எவ்வாறு இயைகின்றன என்பதையும், வகுப்பறையில் அவற்றை எவ்வரிசையில் கையாளலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. முன்னுரை

கல்வியில் தொழில்நுட்பம் பற்றிய எழுத்துகளில் 'ஈடுபாடு', 'ஆற்றல்படுத்தல்' என்னும் இரு சொற்கள் பெரும்பாலும் இணைந்தே வருகின்றன. இரண்டும் ஒன்றன்று. வண்ணத்திரையில் ஓடும் புதிர்ப்போட்டியில் மாணவர் ஆர்வத்துடன் கலந்துகொள்ளலாம். அப்போட்டி முடிந்த பின்னர் அவரால் தமிழில் ஒரு முழு வாக்கியத்தைத் துணிவுடன் சொல்லவோ எழுதவோ இயலவில்லையெனில், ஈடுபாடு நிகழ்ந்தது, ஆற்றல் பிறக்கவில்லை. தமிழ் பெரும்பான்மையாக வழங்கும் நிலத்தில் இவ்வேறுபாட்டின் விளைவு சிறிதாக இருக்கலாம். வகுப்பறையில் பெறாத மொழியை ஆங்கு மாணவர் தெருவிலும் சந்தையிலும் பெற்றுவிடுவர். வாரத்தில் சில மணி நேரமே தமிழ் கற்கும் புலம்பெயர் சூழலில் அவ்வாய்ப்பு அரிது. எனவே, வகுப்பறை நேரம் எதற்குச் செலவாகிறது என்னும் வினா அங்குக் கூடுதல் கனம் பெறுகிறது.

2. பின்புலம்

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்று. 1987ஆம் ஆண்டு முதல் அனைத்துப் பள்ளிகளிலும் ஆங்கிலம் முதன்மைப் பயிற்றுமொழியாக உள்ளது. தமிழ் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற நிலையங்களுக்குச் சென்று பயில்கின்றனர். பல பள்ளிகளிலிருந்தும் பல்வேறு வீட்டுச் சூழல்களிலிருந்தும் வந்தோர் ஒரே வகுப்பில் அமர்கின்றனர் என்பதே இதன் பொருள். வீட்டில் பாட்டியுடன் தமிழில் மட்டுமே பேசுபவரும், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்பவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையினர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 32.3 விழுக்காட்டினர்; 2020இல் 48.3 விழுக்காட்டினர். தமிழை மிகுதியாகப் பேசுவோரின் பங்கு இதே பத்தாண்டில் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தது. பாடத்திட்டமும் இம்மாற்றத்திற்கேற்ப நகர்ந்துள்ளது. தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் ஆராய்ந்த குழு 2005ஆம் ஆண்டில் வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தர வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 2010ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தாய்மொழிகள் மறுஆய்வுக் குழு, வாழ்க்கைச் சூழல்களில் மொழியைப் பயன்படுத்தும் கருத்துப்பரிமாற்றத் திறனை முன்னிறுத்தியது.

மின்னிலக்கச் சூழலும் இக்காலத்தில் விரைந்து மாறியது. 'மாணவர் கற்றல் தளம்' 2018ஆம் ஆண்டில் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. 2020 ஏப்ரலில் நோய்ப்பரவலை முறியடிக்கப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. அதனைத் தொடர்ந்து, 2028ஆம் ஆண்டுக்குள் உயர்நிலை மாணவர் அனைவரும் சொந்தக் கற்றல் கருவி பெறவேண்டும் என்றிருந்த இலக்கு 2021ஆம் ஆண்டுக்கு முன்தள்ளப்பட்டது.

தமிழ்க் கணிமையின் வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனியிடம் உண்டு. தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995 அக்டோபரில் சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. 1997 மே மாதத்தில் முதல் தமிழ் இணைய மாநாடு இங்குதான் நடைபெற்றது. உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் 2000ஆம் ஆண்டில் உருப்பெற்றதும் சிங்கப்பூர் மாநாட்டையொட்டியே. 2005 பொங்கலன்று கைப்பேசிகளுக்கான 'செல்லினம்' இங்கு வெளியீடு கண்டது. தமிழை இணையத்துக்குக் கொண்டுவந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் தங்கள் கருவிகளில் தமிழ் விசைப்பலகையை இயக்காமலேயே பள்ளிப் படிப்பை முடிக்கக்கூடும் என்பது இன்றைய முரண்.

3. ஈடுபாட்டிலிருந்து ஆற்றலுக்கு

மிஷலின் சியும் ரூத் வைலியும் 2014ஆம் ஆண்டில் விரித்துரைத்த கற்றல் ஈடுபாட்டுச் சட்டகம், மாணவரின் செயலை நான்கு படிகளாகப் பகுக்கிறது: வாளாப் பெறுதல், செயலாற்றுதல், ஆக்குதல், ஊடாடுதல். காணொளியைப் பார்த்திருத்தல் முதற்படி. அதனை நிறுத்தி, மீண்டும் ஓட்டி, குறிப்பெடுத்தல் இரண்டாம் படி. கேட்டதிலிருந்து தானே ஒரு விளக்கத்தையோ வினாவையோ உருவாக்குதல் மூன்றாம் படி. மற்றொருவரின் கருத்தின்மீது தன் கருத்தைக் கட்டியெழுப்புதல் நான்காம் படி. படி உயர உயரக் கற்றலும் ஆழமாகும் என்பது அவர்களின் கருத்து.

இச்சட்டகத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே கருவி எப்படியிலும் நிற்கக்கூடும் என்பது விளங்கும். எடுத்துக்காட்டாக, கஹூட் போன்ற புதிர்ப்போட்டிச் செயலிகளில் பொதுவாக விரைந்து விடையளிப்போர் மிகுதியான புள்ளி பெறுவர். தமிழை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவருக்கு விடை தெரிந்திருந்தும், வினாவைப் படித்து முடிப்பதற்குள் நேரம் கரைந்துவிடுகிறது. மீண்டும் மீண்டும் பட்டியலின் அடியில் தம் பெயரைக் காணும் அவர், தமக்குத் தமிழ் வராது என்று முடிவு செய்யக்கூடும். இதே செயலியில் நேரக்கணக்கை நீக்கிவிட்டு, மாணவரையே மூவர் மூவராகப் பிரித்து, படித்த பகுதியிலிருந்து வினாக்களைத் தமிழில் அமைக்கச் செய்தால் செயலின் தன்மை மாறுகிறது. சரியான விடையோடு, நம்பும்படியான மூன்று தவறான விடைகளையும் எழுதுவதற்குப் பாடப்பகுதியை நுணுகிப் படித்தாக வேண்டும். கருவி அதுவே, வினாவை ஆக்கும் உரிமை மட்டும் கைமாறியுள்ளது.

4. விசைப்பலகை: எழுத்தறிவின் புதிய வாயில்

தமிழ் மாணவர் முதலில் கடக்கவேண்டிய வாயில் விசைப்பலகை. இரு வழிகள் இன்று பரவலாக உள்ளன. ஒன்று, ஒலிபெயர்ப்பு முறை: ஆங்கில எழுத்துகளைத் தட்டத் தமிழ் எழுத்துகள் தோன்றும். மற்றொன்று, தமிழ்நாடு அரசு 1999ஆம் ஆண்டில் தரப்படுத்திய தமிழ்99. 2013ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் கையடக்கக் கருவிகளில் இருவகை விசைமுகங்களும் இயல்பாகவே இடம்பெற்றபின், தனியே ஒரு செயலியை நிறுவவேண்டிய தேவையும் அக்கருவிகளில் நீங்கியது.

எதனைக் கற்பிப்பது என்பதை வசதியைக் கொண்டு மட்டும் முடிவு செய்தலாகாது. ஒவ்வொரு முறையும் எழுத்தைப் பற்றி ஒன்றை மாணவருக்கு உணர்த்துகிறது, மற்றொன்றை மறைக்கிறது. அஞ்சல் வகை ஒலிபெயர்ப்பில் 'கே' என்னும் ஆங்கில எழுத்தைத் தட்டியதும் திரையில் 'க்' தோன்றும். உயிரொலியைச் சேர்த்ததும் அது 'க' அல்லது 'கி' ஆகும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறப்பதைக் கண்முன் காட்டுவது இது. தமிழ்99 அகரமேறிய மெய்யிலிருந்து தொடங்குகிறது. 'க' விசையை அடுத்து 'இ' விசையைத் தட்ட 'கி' வரும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ஒரே மெய் இரட்டிக்கும்போதும், மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வரும்போதும் புள்ளி தானாகவே இடப்படுகிறது. 'அ, ம, ம, ஆ' என்னும் நான்கு தட்டல்களில் 'அம்மா' உருவாகும். 'ங்க', 'ஞ்ச', 'ந்த', 'ண்ட', 'ம்ப', 'ன்ற' என்னும் இணைகளை விரல்களே பழகிக்கொள்கின்றன. மெல்லினமும் அதன் இனவெழுத்தும் என்று இலக்கணம் கூறுவதை மாணவர் தட்டச்சின் வழியாகவே அறியவரும் இடம் இது.

சொற்பட்டியலிலிருந்து தெரிவு செய்யும் ஒலிபெயர்ப்பு முறையில் இடர் ஒன்று உண்டு. 'பி, ஏ, எல், எல், ஐ' என ஆங்கிலத்தில் தட்டினால் 'பள்ளி'யும் 'பல்லி'யும் பட்டியலில் வரக்கூடும். லகர, ளகர, ழகர வேறுபாட்டையும், ரகர, றகர வேறுபாட்டையும், நகர, னகர, ணகர வேறுபாட்டையும் மாணவர் நினைவிலிருந்து எழுதுவதில்லை. கண்ணால் கண்டு தெரிவு செய்கிறார். கண்டறிதல், நினைவுகூர்தலினும் எளிய திறன். முதலில் வரும் சொல்லையே தொடும் பழக்கம் ஏற்பட்டால் 'வலி', 'வளி', 'வழி' மூன்றும் ஒன்றாகிவிடும்.

ஆயினும், ஒலிபெயர்ப்பைத் தடைசெய்தல் தீர்வாகாது. ஆங்கில விசைப்பலகையில் தேர்ந்த சிறாருக்குத் தமிழில் உடனே எழுதத் தொடங்கும் வாய்ப்பை அது தருகிறது. நண்பருக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் மாணவர், எம்முறையில் தட்டினாலும், வகுப்புக்கு வெளியே தமிழை எழுதுகிறார். ஆகவே படிநிலை அணுகுமுறை பொருத்தமுடையது. தொடக்கநிலையின் கீழ்வகுப்புகளில் எழுத்துகளின் வடிவம் கைக்குப் பழகும்வரை கையெழுத்தே முதன்மை பெறவேண்டும். எழுத்து உறுதிப்பட்டபின் தமிழ்99 முறையை நாள்தோறும் ஐந்து நிமிடமேனும் பயிற்றலாம். உயர்நிலையில் இருமுறைகளையும் மாணவர் தம் விருப்பப்படி கையாளலாம். ஒலிபெயர்ப்பைப் பயன்படுத்துவோர், பட்டியலில் தாம் விலக்கிய சொற்களின் பொருளையும் வாரம் ஒருமுறை எழுதிவருதல் நற்பயிற்சி. 'பல்லி'யை ஏன் விலக்கினேன் என்று எழுதும்போது தெரிவு அறிவாகிறது.

5. ஒலிப்பதிவு: எல்லார்க்கும் பேசும் நேரம்

இருபது மாணவர் உள்ள வகுப்பில் வாய்மொழிப் பயிற்சிக்கு முப்பது நிமிடம் ஒதுக்கப்படுவதாகக் கொள்வோம். ஒருவர்பின் ஒருவராகப் பேசினால் ஒருவருக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். எஞ்சிய இருபத்தெட்டரை நிமிடமும் அவர் கேட்பவரே. நடைமுறையில் துணிவுடையோர் மூன்று நிமிடம் எடுத்துக்கொள்வர். கூச்சமுடையோர் ஓரிரு சொற்களில் அமர்ந்துவிடுவர். ஒலிப்பதிவுக் கருவி இக்கணக்கை மாற்றுகிறது. இருபதின்மரும் ஒரே வேளையில் மும்மூன்று நிமிடம் பதிவு செய்யலாம். பிழைபட்டால் அழித்துவிட்டு மீண்டும் பேசலாம். எவரும் நகைக்காத இடத்தில் முதல் முயற்சியைச் செய்ய முடிவது, வீட்டில் தமிழ் கேளாத மாணவருக்குப் பெரும் விடுதலை.

இதனால் ஆசிரியரின் சுமை கூடுகிறது என்பதையும் மறைத்தலாகாது. இருபது பதிவுகளையும் கேட்க ஒருமணி நேரம் வேண்டும். இதற்கு இருவழிகள் உள்ளன. முதலாவது, மாணவர் இணை இணையாக ஒருவர் பதிவை மற்றொருவர் கேட்டு, முன்னரே வகுத்த இரண்டு கூறுகளைப் பற்றி மட்டும் கருத்துரைத்தல். இரண்டாவது, ஆசிரியர் வாரம் ஐவரின் பதிவை மட்டும் ஊன்றிக் கேட்டல். நான்கு வாரத்தில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று நிறைவுறும். கருத்துரை எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு ஜான் ஹாட்டியும் ஹெலன் டிம்பர்லியும் 2007ஆம் ஆண்டில் வகுத்த மூன்று வினாக்கள் துணைசெய்யும்: செல்லவேண்டிய இடம் எது, இப்போது நிற்கும் இடம் எது, அடுத்த அடி எது. 'நன்று' என்னும் ஒற்றைச்சொல் இம்மூன்றுக்கும் விடையாகாது. 'கருத்தைச் சொன்னீர்கள், காரணம் ஒன்றைச் சேர்த்து மீண்டும் பதிவு செய்யுங்கள்' என்பது விடையாகும்.

தொடக்கநிலைப் பள்ளி இறுதித் தேர்வின் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் மாணவர் திரையில் காணொளி ஒன்றைக் கண்டபின் தேர்வாளருடன் உரையாடுகின்றனர். அத்தேர்வுக்கான ஒத்திகையாக மட்டும் ஒலிப்பதிவு சுருங்கிவிடும் இடர் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் பேசிய பதிவையும் இறுதியில் பேசிய பதிவையும் மாணவரே அடுத்தடுத்துக் கேட்டு, தம் வளர்ச்சியைத் தாமே எடுத்துரைக்கச் செய்தல் அக்குறுகலைத் தவிர்க்கும். தம் குரலிலேயே தம் முன்னேற்றத்தைக் கேட்பதைவிட வலுவான சான்று மாணவருக்கு வேறில்லை.

6. குரல்வழி உள்ளீடும் இரட்டை வழக்கும்

கூகல் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் தமிழுக்குக் குரல்வழி உள்ளீட்டை அளித்தது. பேசினால் எழுத்தாகும் இவ்வசதி எழுதும் பயிற்சியைக் கெடுக்கும் என்பது பலரின் அச்சம். தமிழின் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் விலகி நிற்கும் மொழிச்சூழலில், இக்கருவி நல்லதொரு பாடப்பொருளாகவும் அமையக்கூடும்.

'நான் வந்துக்கிட்டு இருக்கேன்' என்று மாணவர் கருவியிடம் பேசுகிறார். கருவி சில சொற்களைப் பேசியவாறே எழுதலாம். சிலவற்றை எழுத்து வழக்குக்கு மாற்றலாம். சிலவற்றைத் தவறாகக் கேட்கலாம். திரையில் தோன்றியதை மாணவர் மூன்று வண்ணங்களில் குறிக்கலாம்: தாம் பேசியவாறே வந்தவை, கருவி மாற்றியவை, கருவி பிழைபடக் கேட்டவை. பின்னர் அதனை 'நான் வந்துகொண்டிருக்கிறேன்' என எழுத்து வழக்கில் அமைக்கவேண்டும். இச்செயலில் இரண்டு நன்மைகள் உள. வீட்டில் பேசும் தமிழ் பிழையன்று, அதற்குரிய இடம் வேறு என்பதை மாணவர் உணர்கிறார். கருவி இறுதித் தீர்ப்பளிப்பதன்று, திருத்தப்படவேண்டியது என்பதும் விளங்குகிறது. தமிழறிந்தவர் என்ற தகுதியில் மாணவர் கருவியைத் திருத்தும் அந்தக் கணத்தில் 'ஆற்றல்படுத்தல்' என்னும் சொல் பொருள் பெறுகிறது.

7. நிரலாக்கம்: எழுத்தை எண்ணும் கலை

தமிழ் வகுப்பையும் கணினி வகுப்பையும் இணைக்கும் எளிய பயிற்சி ஒன்று உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? தமிழ் வகுப்பின் விடை மூன்று. பைத்தான் நிரல்மொழியில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்னும் விடை வரும். யூனிகோடு குறியேற்றத்தில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாக அச்சொல் சேமிக்கப்படுவதே காரணம். 'கொக்கு' என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்குக் கணினி ஆறு என்னும்.

அடுத்ததாக, 'விகடகவி' என்னும் சொல்லைத் தலைகீழாக்கச் செய்யலாம். இருபுறமும் ஒன்றேபோல் படிக்கத்தக்க மாலைமாற்றுச் சொல் அது என்பதை மாணவர் அறிவர். குறியெண்களை மட்டும் திருப்பும் நிரல், இகரக் குறியைத் தனியே முன்னால் நிறுத்தி, மற்றோர் இகரத்தைக் ககரத்தின்மேல் ஏற்றி, 'ஒன்றன்று' என்று விடை தரும். கணினி ஏன் தவறியது என்று ஆராயும் மாணவர் உயிர்மெய் என்பது ஒரே எழுத்து என்னும் இலக்கணக் கருத்துக்குத் தாமே வந்துசேர்வர். குறிகளை அவற்றின் மெய்யோடு சேர்த்தெண்ணும் சில வரி நிரலை அவர்களே எழுதலாம். அல்லது இதற்கெனவே உருவான 'ஓப்பன்-தமிழ்' என்னும் திறமூல நிரல்தொகுப்பைப் பயன்படுத்தலாம். 12 உயிரும் 18 மெய்யும் 216 உயிர்மெய்யும் ஓர் ஆய்தமும் சேர்ந்த 247 எழுத்துகளின் அட்டவணையை நிரலால் உருவாக்குவது அடுத்த பணி.

ஆங்கிலமே கணினியின் மொழி, தமிழ் தேர்வின் மொழி என்னும் பிரிவினை மாணவர் மனத்தில் ஆழப் பதிந்துள்ளது. அப்பிரிவினை தளர்வதற்கு அறிவுரையினும் இத்தகைய ஒரு மணிநேரப் பயிற்சி மிகுதியாக உதவும்.

8. மின்னிலக்கச் சேகரிப்புகள்: மாணவரே ஆய்வாளர்

1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டமும் 2001ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகமும் இலக்கிய நூல்களைத் திறந்துவைத்துள்ளன. இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் திட்டம் உள்ளது. சிங்கப்பூர் மாணவருக்கு மிக நெருக்கமானவை உள்நாட்டுச் சேகரிப்புகள். சிங்கப்பூர் விடுதலை பெற்ற 1965ஆம் ஆண்டிலிருந்து ஐம்பதாண்டுகளில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் சமூகத் தொண்டர்களின் உழைப்பால் மின்னிலக்க வடிவம் பெற்று 2015ஆம் ஆண்டில் தேசிய நூலக வாரியத்தின் வழியாக வெளியிடப்பட்டன. கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டில் தொடங்கிய 'தமிழ் முரசு' இதழின் பழைய பக்கங்களும் நூலக வாரியத்தின் செய்தித்தாள் சேகரிப்பில் காணக்கிடைக்கின்றன.

இச்சேகரிப்புகளைக் கொண்டு மாணவர் உண்மையான வினாக்களுக்கு விடை தேடலாம். தாம் பிறந்த நாளன்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த இதழில் என்னென்ன விளம்பரங்கள் இருந்தன? அன்று வழங்கிய எந்தச் சொற்கள் இன்று வழக்கிழந்தன? இன்று 'கணினி' எனப்படுவது அன்று எவ்வாறு குறிக்கப்பட்டது? கண்டவற்றைத் தாத்தா பாட்டியிடம் காட்டி, அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்து, இரண்டையும் இணைத்து ஒரு சிறு காணொளியாக்கலாம். இப்பணியில் வீட்டின் முதியோர் தகவலாளர் ஆகின்றனர். மாணவர் ஆய்வாளர் ஆகிறார். வீட்டில் ஆங்கிலமே பேசப்படினும், ஓர் உரையாடலேனும் தமிழில் நிகழ்வதற்கு இதனால் காரணம் பிறக்கிறது.

9. ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு

2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானபின், கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் கருவிகள் மாணவர் கைக்கு எட்டின. இவை பயின்ற தரவில் ஆங்கிலத்தின் பங்கு மிகப்பெரிது. ஆகையால் அவை தரும் தமிழில் ஆங்கில வாக்கிய அமைப்பின் சாயலும், சந்திப் பிழைகளும், இல்லாத நூலையோ நிகழ்ச்சியையோ உறுதியாகக் கூறும் குறையும் காணப்படுகின்றன. பிழையில்லாத இடத்திலும் மாணவரின் குரல் அதில் இராது.

தடைசெய்தலினும் திறனாய்வுப் பொருளாக்குதலே பயனுடையது. ஒரு தலைப்பில் மாணவர் முதலில் தாமே ஒரு பத்தி எழுதவேண்டும். பின்னர், அதே தலைப்பில் கருவி எழுதிய பத்தியை வகுப்பு முழுவதும் படித்து, எங்கே பொதுமொழி, எங்கே பிழை, சிங்கப்பூர் வாழ்க்கைக்குப் பொருந்தாதது எது என்று குறிக்கலாம். இறுதியில் தம் பத்தியைத் தாமே திருத்தவேண்டும். கூகல் டாக்ஸ் போன்ற ஆவணங்களில் திருத்த வரலாறு சேமிக்கப்படுவதால், ஆசிரியர் இறுதி வடிவத்திற்கு மட்டுமன்றி எழுதிய வழிக்கும் மதிப்பெண் தரலாம். ஒன்றை நினைவிற்கொள்ளவேண்டும்: பிழையைக் கண்டறிய மொழியறிவு முன்னரே வேண்டும். ஆகவே இப்பயிற்சி உயர்நிலையின் மேல்வகுப்புகளுக்கே உரியது, எழுத்தறிமுகப் பருவத்துக்குரியதன்று.

10. ஆசிரியரும் மதிப்பீடும்

புனியா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006ஆம் ஆண்டில் முன்வைத்த சட்டகம், ஆசிரியருக்குப் பாடப்பொருள், கற்பித்தல் முறை, தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிய அறிவாக வேண்டும் என்கிறது. மேற்கண்ட பயிற்சிகள் யாவும் இதனை மெய்ப்பிக்கின்றன. இனவெழுத்து இலக்கணம் அறியாதவருக்குத் தமிழ்99 வெறும் விசைமுகம். இரட்டை வழக்கின் இயல்பு அறியாதவருக்குக் குரல்வழி உள்ளீடு வெறும் வசதி. ஆகவே, பணிக்காலப் பயிற்சிகள் செயலியின் பொத்தான்களை அறிமுகப்படுத்துவதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கருவியும் தமிழின் எக்கூறினைத் தொடுகிறது என்பதையும் விளக்கவேண்டும்.

பாடம் திட்டமிடும் ஆசிரியர் நான்கு வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளலாம். இப்பாடவேளையில் ஒவ்வொரு மாணவரும் எத்தனை நிமிடம் தமிழில் பேசுவார் அல்லது எழுதுவார்? கருவியில்லாமலேயே இதனை இதைவிட நன்றாகச் செய்ய இயலுமா? மாணவர் ஆக்கியதை ஆசிரியரைத் தவிர வேறு எவர் படிப்பர் அல்லது கேட்பர்? வகுப்பு முடிந்தபின் இத்திறனை மாணவர் தம் வாழ்வில் எங்கே பயன்படுத்துவார்? இரண்டாம் வினாவுக்கு 'ஆம்' என்பது விடையானால், கருவியை மூடிவைப்பதே சிறப்பு. கதைசொல்லலும் நாடகமும் நேருக்குநேர் உரையாடலும் அவ்வகையின.

11. முடிவுரை

மின்னிலக்கக் கருவி இயல்பாகவே ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தது. அதனைத் திறந்தவுடன் தோன்றும் மொழி ஆங்கிலம், தேடல் ஆங்கிலம், நண்பரின் செய்தியும் ஆங்கிலம். மாணவர் கையில் கருவியைக் கொடுத்துவிட்டு வாளாவிருந்தால், தமிழ் வகுப்பறையிலும் அது ஆங்கிலத்தின் எல்லையையே விரிவாக்கும். அச்சாய்வை மாற்றும் ஆற்றல் ஆசிரியர் வகுக்கும் செயலில் உள்ளது. மாணவர் தமிழில் தட்டச்சு செய்யும்போதும், தம் குரலைத் தாமே கேட்டுத் திருத்தும்போதும், கணினியின் எழுத்தெண்ணிக்கையைப் பிழையென்று காட்டும்போதும் அவர் கருவியின் நுகர்வோர் என்னும் நிலையைக் கடந்து மொழியின் உரிமையாளர் ஆகிறார்.

வார இறுதியில் மட்டும் தமிழ் பயிலும் ஐரோப்பிய, வட அமெரிக்க, ஆஸ்திரேலியத் தமிழ்ப் பள்ளிகளுக்கு அரசின் கற்றல் தளமோ, பயிற்சி பெற்ற முழுநேர ஆசிரியரோ வாய்க்காதிருக்கலாம். எனினும், இக்கட்டுரை விளக்கிய பயிற்சிகளுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு திறன்பேசியும் தமிழ் விசைமுகமும் போதும். மாணவர் ஒவ்வொருவரின் கருவியிலும் தமிழ் விசைமுகத்தை இயக்கிவைத்தல் ஐந்து நிமிட வேலை. புதிய கல்வியாண்டின் முதல் வகுப்பில் அதனைச் செய்து, அன்றே ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள ஒருவருக்குத் தமிழில் ஒரு வரிச் செய்தி அனுப்பச் செய்தல் எப்பள்ளிக்கும் இயல்வதே.